சீக்கியத்துல சாதி இல்லன்னா ஒரே ஊர்ல ரெண்டு குருத்வாரா எதுக்கு?

வடக்கே_செல்வம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். லூதியானா பக்கம் ஒரு நூல் மில்லுல மெஷின் மெயின்டனன்ஸ்ல இருக்கேன். கூட வேலை பாக்குற சர்தார் ஒருத்தர், தங்கமான மனுஷன், அவர் பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட்டாருன்னு அவங்க கிராமத்துக்குப் போனேன். ஊருக்குள்ள நுழைஞ்சதும் நடு ஊர்ல பெரிய குருத்வாரா, வெள்ளை மார்பிள், தூரத்துல இருந்தே பளபளன்னு தெரியுற கும்பம், சரி இங்கதான் கல்யாணம்னு செருப்பைக் கழட்டப் போறேன், கூட வந்த பையன் கையைப் பிடிச்சு இழுத்து இங்க இல்ல அங்கிள், நம்மளது அந்தப் பக்கம்னு கூட்டிட்டுப் போயிட்டான். குளத்தைத் தாண்டி ஒரு சந்து, அந்தக் கடைசியில சின்னதா இன்னொரு குருத்வாரா. உள்ள அதே குரு கிரந்த் சாஹிப் (அவங்க வேதப் புத்தகம்), அதே கீர்த்தனை, அதே லங்கர் (எல்லாருக்குமான பொதுச் சாப்பாடு), எல்லாரும் தரையில ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடிச்சுட்டு மெதுவா அவர்கிட்ட கேட்டேன், ஏன் பாயி பெரிய குருத்வாராவுல வைக்கலன்னு. உள்ள வராதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அது நிலம் வச்சிருக்கிற ஜாட் சாதியோடது, நாங்க மஜபி, தலித் சீக்கியர், அங்க கமிட்டியில எங்க ஆளு ஒருத்தர் கூட கிடையாதுன்னார். சுடுகாடும் தனியாம். அதைக் கோவமா கூட சொல்லல, பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார், எனக்கு அதுதான் தாங்கல.

எனக்கு ஏன் இது பெரிய விஷயம்னா நாங்களும் எஸ்சி குடும்பம்தான். ஊர்ல என் தம்பி ரொம்ப நாளா நான் சீக்கியனா மாறப்போறேன், அங்கதான் மானம் மரியாதை இருக்குன்னு சொல்லிட்டே இருக்கான். அவன்கிட்ட நான் என்ன சொல்றது? தோல் தொழில் சாதியில பிறந்த ரவிதாஸோட பாட்டையே வேதமா வச்சு கும்பிடுற மதத்துல இது எப்படி வந்துச்சு? அங்க இருக்கிற தலித் மக்கள் தங்களை சீக்கியர்னு சொல்லிக்கிறாங்களா இல்ல வேற ஏதாவதா? மாறினா நம்ம சர்டிபிகேட் என்ன ஆகும்? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா எழுதுங்க ப்ளீஸ்.

பழைய_பட்டாளம்:

தம்பி நான் ஆர்மியில இருந்தவன், பஞ்சாப் பசங்களோட நிறைய வருஷம் பழகினவன். மொதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்குங்க, அந்த மதத்தோட தொடக்கம் சாமானியமானது இல்ல. 1675ல டெல்லியில அவுரங்கசீப் காலத்துல குரு தேக் பகதூரோட தலையை வெட்டினப்போ, அந்தத் தலையை எடுத்துட்டு ஆனந்த்பூர் வரைக்கும் கொண்டு போய் சேர்த்தது பாயி ஜைதா, துப்புரவுத் தொழில் பாத்த சாதியில பிறந்தவர். அப்ப தேக் பகதூரோட மகன் குரு கோவிந்த் சிங் சின்னப் பையன், ரங்ரேட்டா (அந்தச் சாதிக்காரன்) குருவோட மகன்னு சொல்லி அவரைக் கட்டிப் பிடிச்சாருன்னு இன்னிக்கும் மஜபி வீடுகள்ல சொல்வாங்க. பின்னாடி அவர்தான் பாயி ஜீவன் சிங். 1699ல குரு கோவிந்த் சிங் கால்சாங்கிற தீட்சை வாங்கின சீக்கியர் அமைப்பைத் தொடங்கினப்போ தலை குடுக்க எழுந்து வந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் முடி திருத்துற குடும்பம், ஒருத்தர் தண்ணி சுமக்குற குடும்பம், ஒருத்தர் துணிக்கு அச்சுப் போடுற குடும்பம். அவங்க அஞ்சு பேர் கையாலேயே குருவும் அம்ரித் (தீட்சைத் தண்ணி) வாங்கிக் குடிச்சார். எல்லாருக்கும் சிங், பொண்ணுங்களுக்கு கவுர், சாதிப் பேரே வேணாம்னு.

ஆனா பாருங்க, அதே ஆனந்த்பூர்ல கூடினவங்க வாரிசுங்க பிரிட்டிஷ்காரன் காலத்துல பட்டாளத்துல சேரப் போனா மஜபிக்குத் தனி பயோனியர் ரெஜிமென்ட். 1941ல மஜபி அண்ட் ராம்தாசியா சீக் ரெஜிமென்ட்னே பேர் வச்சு ஒண்ணு எழுப்பினாங்க, 1944ல அதை சீக் லைட் இன்ஃபன்ட்ரின்னு மாத்தினாங்க. இன்னிக்கும் சீக் ரெஜிமென்ட் பெரும்பாலும் ஜாட், சீக் எல்ஐ மஜபி, ராம்தாசியா, ரெண்டும் தலித் சீக்கியர். சண்டையில ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல, நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரே தலைப்பாகை, ஒரே ஜோ போலே சோ நிஹால் கோஷம், ரெஜிமென்ட் மட்டும் ரெண்டு.

நிலவேணி:

செல்வம் அண்ணா, எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்கள்ல, மதப் புத்தகத்துல தேடினா கிடைக்காது, நிலத்துல தேடணும். 2011 சென்சஸ்படி பஞ்சாப் ஜனத்தொகையில கிட்டத்தட்ட 32 சதவீதம் எஸ்சி, இந்தியாவுலேயே எந்த மாநிலத்துலயும் இவ்வளவு கிடையாது. ஆனா அவங்க கையில இருக்கிற விவசாய நிலம் கொஞ்சமே கொஞ்சம். இது தானா நடந்ததில்ல. 1900ல வெள்ளைக்காரன் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தான், விவசாய சாதின்னு அரசாங்கம் லிஸ்ட் போட்டவங்க நிலத்தை அந்த லிஸ்ட்ல இல்லாதவங்க வாங்க முடியாது. லேவாதேவிக்காரங்ககிட்ட இருந்து விவசாயியைக் காப்பாத்தன்னு சொன்னாங்க, நடந்தது என்னன்னா தலைமுறை தலைமுறையா வயல்ல உழைச்ச தலித் அந்த லிஸ்ட்லயே இல்ல, கையில காசு இருந்தாலும் வாங்க வழியில்ல, சுதந்திரம் வர்ற வரைக்கும் இதே கதை. நிலம் யாருகிட்டயோ கூலி நிர்ணயம் அவங்ககிட்ட, பஞ்சாயத்து அவங்ககிட்ட, குருத்வாரா கமிட்டியும் அவங்ககிட்ட. சீரின்னு ஒரு முறை இருக்கு, வருஷக் கணக்குக்கு ஒரு ஜாட் வீட்டுல முன்பணம் வாங்கிட்டு ராத்திரி பகல் பாக்காம அவங்க வயல்ல கிடக்கணும், பெரும்பாலும் மஜபி ஆளுங்கதான்.

நீங்க பாத்த அந்த ரெண்டு குருத்வாராவும் இதோட நீட்சிதான். கூலி ஜாஸ்தி கேட்டாலோ கமிட்டியில இடம் கேட்டாலோ ஊர்ப் புறக்கணிப்பு போடுவாங்க. பல ஊர்ல அந்த அறிவிப்பே பெரிய குருத்வாரா லவுட்ஸ்பீக்கர்ல வருது. இன்னாருக்கு வேலை குடுக்கக்கூடாது, பால் குடுக்கக்கூடாது, வரப்புல கால் வைக்க விடக்கூடாது. வரப்புல கால் வைக்கக்கூடாதுன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க, வீட்டுல ஒரு எருமை இருக்கும், அதுக்கு தினமும் புல்லு வேணும், அந்த வீட்டுப் பொம்பளை அரிவாளை எடுத்துட்டு அடுத்தவன் வரப்புலதான் அறுக்கணும், வேற இடம் கிடையாது. வரப்புல காத்திருந்து அவ கேக்க வேண்டி வர்ற பேச்சு இருக்கே, அதை அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க சொல்லிக் கேட்டா நம்மால உக்கார முடியாது.

அதனாலதான் அங்க பெரிய போராட்டமே புல்லுக்கும் நிலத்துக்கும். 1961 பொது நிலச் சட்டப்படி பஞ்சாயத்து நிலத்துல மூணுல ஒரு பங்கை எஸ்சிக்குத்தான் குத்தகை விடணும். பல வருஷமா ஜாட் நிலக்காரங்க தங்ககிட்ட வேலை பாக்குற தலித் பேர்ல ஏலம் எடுத்து தாங்களே உழுதுட்டு இருந்தாங்க. 2014 வாக்குல சங்ரூர் மாவட்டத்துல ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டின்னு ஆரம்பிச்சு, தெருவே ஒண்ணா சேர்ந்து காசு போட்டு ஏலம் எடுத்து, கூட்டா விவசாயம் பண்ணாங்க. முன்னாடி நின்னது பொம்பளைங்க. 2016ல ஜலூர்ங்கிற ஊர்ல இதுக்காகத் தாக்கினாங்க, வயசான அம்மா ஒருத்தங்க அந்தக் காயத்துலயே செத்துப் போனாங்க. அடிச்சவங்களும் சீக்கியர், அடி வாங்கினவங்களும் சீக்கியர்.

பந்த் சிங் பேரையும் தம்பிக்குச் சொல்லுங்க. மான்சா மாவட்டம், மஜபி சீக்கியர், பாட்டுக்காரர், கூலித் தொழிலாளர் சங்கத்து ஆளு. தன் மகளுக்கு நடந்த கொடுமைக்கு கேஸ் போட்டு குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்தார். 2006 ஜனவரியில அவரை அடிச்சுப் போட்டதுல ரெண்டு கையும் ஒரு காலும் எடுக்க வேண்டியதாச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்லயே பாடினார் அந்த மனுஷன்.

சேவை_செய்:

வாஹேகுருஜி கா கால்சா. நான் தமிழன், குருத்வாராவுக்குப் போறவன், நிலவேணி எழுதின எதையும் பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா இதைப் படிக்கிறவங்க சீக்கியமே இப்படித்தான்னு நினைச்சுடக்கூடாது, அது பெரிய அநியாயம். 1945ல எஸ்ஜிபிசி (குருத்வாராக்களை நிர்வகிக்கிற கமிட்டி) ஒப்புக்கிட்ட ரெஹத் மரியாதாங்கிற சீக்கிய நடத்தை விதியில கல்யாணத்துக்குக் கூட சாதி பாக்கக்கூடாதுன்னு எழுதியே இருக்கு. எந்த மதத்துல இவ்வளவு வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க? குரு கிரந்த் சாஹிப்ல ரவிதாஸ் பாட்டு 40, கபீர் நெசவாளி, நாம்தேவ் தையல்காரர், சைன் முடி திருத்துறவர், இவங்க வார்த்தைக்கு முன்னாடி எவ்வளவு பெரிய ஜமீன்தாரும் தலையைத் தரையில வச்சுத்தான் ஆகணும். சாதி பாக்குறவன் குருவுக்கு எதிரா நிக்கிறான். தப்பு அவன் மேல, குரு மேல இல்ல.

அப்புறம் 1920 அக்டோபர் 12 பத்தி யாரும் சொல்லலையே? அமிர்தசரஸ்ல புதுசா அம்ரித் எடுத்த தலித் மக்கள் ஊர்வலமா தர்பார் சாஹிப்புக்கு (பொற்கோயில்) கடா பிரசாதம், அதாவது அல்வா, கொண்டு வந்தாங்க, உள்ள இருந்த பூசாரிங்க அதை வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. பெரிய வாக்குவாதம். கடைசியில குரு கிரந்த் சாஹிப்பையே கேப்போம்னு பிரிச்சுப் படிச்சாங்க, குணமில்லாதவனையும் அவன் மன்னிச்சு சேவையில சேர்த்துக்குவான்னு வந்த பக்கம். பிரசாதத்தை வாங்கித்தான் ஆகணும்னு ஆச்சு. அங்க இருந்து கிளம்பி சீக்கியரோட உயர்ந்த அதிகார பீடமான அகால் தக்துக்குப் போனா அங்கிருந்த பூசாரிங்க விட்டுட்டு ஓடிட்டாங்க. எஸ்ஜிபிசி உருவானதுக்கே அந்த நாள்தான் தொடக்கம். ஆக மொத்த குருத்வாரா சீர்திருத்தமும் தலித் கையில இருந்த ஒரு தட்டு அல்வாவுலதான் ஆரம்பிச்சுது. இது எனக்குப் பெருமை.

நிலவேணி:

சேவை அண்ணா, உங்க மனசு எனக்குப் புரியுது, அந்தப் பெருமை அவங்களுக்கும் இருக்கு. ஆனா அந்தத் தட்டைக் கொண்டு போனவங்க பேரன் பேத்தி இன்னிக்கு கிராமத்து கமிட்டியில இல்லையே. சாதி பாக்குறவன் சீக்கியனே இல்லன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டா யார்கிட்ட போய்க் கேக்குறது? ஜலந்தர் பக்கம் தல்ஹன்ல 2003ல நடந்தது இதுதான். ஊர்ல பாதிக்கு மேல தலித், காணிக்கை கோடிக்கணக்குல வர்ற ஒரு பாபா சமாதி, நிர்வாகம் முழுக்க ஜாட் கையில. எங்களுக்கும் கமிட்டியில இடம் குடுங்கன்னு கேட்டாங்க, அவ்வளவுதான் கேட்டாங்க. புறக்கணிப்பு, கலவரம், ஊரடங்கு எல்லாம் முடிஞ்சு கடைசியில கமிட்டியில தலித்துக்கு 2 இடம் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு இடத்துக்கு இவ்வளவு.

சண்டிகர்_தமிழச்சி:

கல்யாணப் பக்கம் ஒரு தடவை பாருங்க, ஞாயித்துக்கிழமை பேப்பர். ஜாட் சீக், ராம்கடியா, கத்ரி, ராம்தாசியான்னு தனித்தனி கட்டமா இருக்கும். சாதி தடையில்லைன்னு போடுறவங்க பெரும்பாலும் ரெண்டாம் கல்யாணம் இல்லன்னா வெளிநாடு. வேற எதுவும் சொல்றதுக்கு இல்ல.

மேகலா_து:

செல்வம் அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிறாங்கன்னு கேட்டீங்க, யாரும் அதைத் தொடல, நான் எழுதுறேன், கொஞ்சம் நீளம் மன்னிக்கணும். பஞ்சாப் தலித்னு ஒரே கூட்டம் இல்ல. துப்புரவுத் தொழில் பக்கம் இருந்து சீக்கியரா ஆனவங்க மஜபி, சீக்கியரா ஆகாதவங்க வால்மீகி. தோல் தொழில் பக்கம் இருந்து சீக்கியரா மாறி நெசவுக்குப் போனவங்க ராம்தாசியா, ரவிதாஸை குருவா வச்சவங்க ரவிதாசியா. பகுஜன் சமாஜ் கட்சியை ஆரம்பிச்ச கான்ஷிராம் ராம்தாசியா சீக்கியக் குடும்பம், ரோபட் மாவட்டம். 2021ல பஞ்சாப் முதலமைச்சரான சரண்ஜித் சிங் சன்னியும் ராம்தாசியா, மூணுல ஒருத்தர் தலித்தா இருக்கிற மாநிலத்துல முதல் தலித் முதலமைச்சர் அப்பதான் வர்றார், அதுவும் சில மாசத்துக்கு.

இவங்கள்ல ஒரு பகுதி எங்களுக்கு இந்து, சீக்கியர், முஸ்லிம் எதுவுமே வேணாம்னு 1920கள்லயே சொல்லிட்டாங்க. வெள்ளைக்காரனை எதிர்த்த கதர் (Ghadar) இயக்கத்துல இருந்த மங்கு ராம் அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்து ஆத் தர்மம்னு இயக்கம் ஆரம்பிச்சார், நாங்க இந்த மண்ணோட ஆதி மக்கள், எங்க மதம் ஆதி தர்மம்னு. நம்ம அயோத்திதாசரும் ஆதி திராவிடர் இயக்கமும் பேசினதை வடக்கே அவங்க அவங்க வழியில பேசினாங்க. 1931 சென்சஸ்ல 4 லட்சத்துக்கு மேல ஆளுங்க ஆத் தர்மின்னு பதிஞ்சாங்க. அப்ப ஒவ்வொரு மதத்துக்காரனும் எங்க எண்ணிக்கையில வந்து சேருன்னு அவங்களை இழுத்துட்டு இருந்த நேரம், மிரட்டலும் அடியும் தாங்கிட்டுத்தான் அப்படிப் பதிஞ்சாங்க. இன்னிக்கும் பஞ்சாப் எஸ்சி லிஸ்ட்ல ஆத் தர்மின்னு ஒரு பேர் இருக்கு.

அம்பேத்கரும் 1936ல சீக்கியத்தை ரொம்ப சீரியஸா யோசிச்சார். அமிர்தசரஸ் போய் சீக்கிய மாநாட்டுல பேசினார். கடைசியில 1956ல நாக்பூர்ல பௌத்தத்துக்குப் போனார். ஏன் சீக்கியத்தை விட்டார்ங்கிறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, நான் அதுல போகல.

அப்புறம் 2009 மே 24. வியன்னாவுல ரவிதாசியா மக்கள் வச்சிருந்த குருத்வாராவுல தேரா சச்கண்ட் பல்லான்ங்கிற ரவிதாசியா மடத்துச் சாதுக்கள் ரெண்டு பேர் வந்திருந்தப்போ கத்தி துப்பாக்கியோட உள்ள புகுந்து தாக்கினாங்க, சந்த் ராமானந்த் இறந்துட்டார். பஞ்சாப் முழுக்க பத்திக்கிச்சு. அடுத்த வருஷம் 2010 ஜனவரியில, வாரணாசியில ரவிதாஸ் பிறந்த சீர் கோவர்தன்பூர்ல வச்சு நாங்க தனி மதம், ரவிதாசியா தர்மம்னு அறிவிச்சாங்க, ரவிதாஸ் பாட்டை மட்டும் தொகுத்த அம்ரித்பாணிதான் இனி எங்க வேதம்னு. இதுல எல்லா ரவிதாசியாவும் உடன்படல. குரு கிரந்த் சாஹிப்பை எடுத்துட்டு அம்ரித்பாணியை வைக்கிறதான்னு ஒரே கோயிலுக்குள்ள அப்பாவும் பையனும் சண்டை போட்டாங்க, வயசானவங்க நிறைய பேர் அழுதாங்க. நூறு வருஷமா தலையில சுமந்த கிரந்தம் அவங்களுக்கு. அதனால அவங்க சீக்கியரா இல்லையான்னு வெளியில இருந்து நாம சொல்ல முடியாது, அதைச் சொல்ற உரிமை அவங்களுக்கு மட்டும்தான், ஒரே வீட்டுல ரெண்டு பதில் இருந்தாலும்.

மஜபி மக்கள் கதை இன்னும் கஷ்டம். அவங்களுக்கு ரவிதாசியா மாதிரி வெளிநாட்டுக் காசும் இல்ல, ஜலந்தர் தோல் வியாபாரம் மாதிரி ஒண்ணும் இல்ல. குர்தாஸ்பூர் பக்கம் நிறைய பேர் சர்ச்சுக்குப் போறாங்க, பேப்பர்ல மட்டும் சீக்கியர் அல்லது இந்துன்னு வச்சுக்கிறாங்க, ஏன்னா கிறிஸ்தவம்னு எழுதினா எஸ்சி போயிடும்.

வக்கீல்_முருகு:

சர்டிபிகேட் விஷயத்துக்கு வர்றேன். 1950 ஜனாதிபதி உத்தரவுல இந்துவுக்கு மட்டும்தான் எஸ்சி அந்தஸ்து, பஞ்சாப்ல மஜபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் நாலு சாதிக்கு மட்டும் சீக்கியரா இருந்தாலும் உண்டுன்னு விலக்கு. அந்த நாலைச் சேர்க்க வச்சது சீக்கியத் தலைவருங்கதான், சாதி இல்லாத மதத்துல சாதி இருக்குன்னு சட்டத்துக்கு முன்னாடி ஒப்புக்கிட்டாங்க, அது நேர்மையான காரியம்னே நான் சொல்வேன். 1956ல எல்லா சீக்கிய எஸ்சிக்கும் விரிச்சாங்க, 1990ல பௌத்தர்களுக்கும். கிறிஸ்தவர், முஸ்லிம் இன்னிக்கும் வெளியிலதான், தமிழ்நாட்டுல ஆதி திராவிடர் கிறிஸ்தவர் ஆனா பிசி.

ஆக உங்க தம்பி சீக்கியர் ஆனா எஸ்சி போகாது. ஆனா அது தமிழ்நாட்டு லிஸ்ட்படி தமிழ்நாட்டுலதான். பஞ்சாப்ல வந்து செட்டில் ஆனா அந்த மாநில அரசு வேலைக்கு நம்ம சர்டிபிகேட் செல்லாது, எஸ்சி லிஸ்ட் மாநிலத்துக்கு மாநிலம் தனி.

இன்னொண்ணு, மேகலா சொன்ன அந்த மஜபி பின்தங்கல் பஞ்சாப் அரசுக்கே தெரியும். 1975லயே எஸ்சி கோட்டாவுல பாதியை முதல்ல வால்மீகிக்கும் மஜபிக்கும்னு உத்தரவு போட்டாங்க. ஹைகோர்ட் 2006ல ரத்து பண்ணுச்சு, அதே வருஷம் சட்டமா போட்டாங்க, அதுவும் போச்சு. சுப்ரீம் கோர்ட்ல தவிந்தர் சிங் வழக்குன்னு அது இழுத்து இழுத்து 2024 ஆகஸ்ட் 1ல 7 நீதிபதி அமர்வு 6க்கு 1ன்னு உள் ஒதுக்கீடு செல்லும்னு சொல்லுச்சு. நம்ம அருந்ததியர் 3 சதவீதத்துக்கும் இதே தீர்ப்புதான் பலம்.

வடக்கே_செல்வம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். தம்பிகிட்ட நேத்து பேசினேன், இதெல்லாம் சொன்னேன். அவன் சொல்றான், அண்ணா அங்க சாதி இருக்குன்னு எனக்கும் தெரியும், ஆனா நம்ம ஊர்ல கோயிலுக்குள்ள விடலன்னா சாமியே அப்படித்தான்னு சொல்வான், அங்க ஒருத்தன் என்னைத் தள்ளி வச்சா அவன் புத்தகத்தைக் காட்டியே நான் சண்டை போடலாம்ல, அது எனக்குப் போதும்னு. எனக்கு அவன்கிட்ட மறுத்துப் பேச வரல. சேவை அண்ணா, அவன் கொஞ்ச நாள் இங்க என்கூட வந்து தங்குறேன்னு சொல்றான், அந்தச் சின்ன குருத்வாராவுக்கே கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.

சேவை_செய்:

கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. அம்ரித் எடுக்க ஒரு அவசரமும் இல்ல, மொதல்ல வந்து பாத்திரம் கழுவட்டும், ரொட்டி தேய்க்கட்டும், அந்தத் தெரு ஜனங்களோட உக்காந்து பேசட்டும். ரெண்டு குருத்வாராவுக்கும் போகச் சொல்லுங்க. பெரிய குருத்வாராவுலயும் போய் உக்காந்து, கமிட்டியில மஜபி ஆளு யாருன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. நானும் இனிமே போற இடத்துல எல்லாம் அந்தக் கேள்வியைக் கேக்கப் போறேன், நிலவேணி சொன்னது என் மனசுலயே நிக்குது.

வக்கீல்_முருகு:

பேர் மாத்துறதா இருந்தா கெசட்ல பழைய பேர், அப்பா பேர் ரெண்டும் சாதி சர்டிபிகேட்ல எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே போடச் சொல்லுங்க செல்வம், பின்னாடி வேலைக்குச் சேரும்போது அங்கதான் நிறுத்தி வைப்பாங்க.